மலையிலிருந்து முதன்முறையாகக் கடலுக்குப் போகிறோம்: சிறு பிள்ளைகளை அலையில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கோத்தகிரிக்காரி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வருகிற மே மாதம் என் மகனுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதற்காகத் திருச்செந்தூர் போவதென்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. அவனுக்கு 3 வயது நிறைகிறது. மூத்தவள் 6 வயதுப் பெண். மாமியார் வீட்டார், நாத்தனார் குடும்பம், என் தம்பி குடும்பம் என்று 17 பேர் ஒரே வேனில் கிளம்புகிறோம். திருச்செந்தூரில் ஒரு நாள், கன்னியாகுமரியில் ஒரு நாள் என்பது திட்டம். அந்த 17 பேரில் 6 பேர் குழந்தைகள்.

எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. நான் பிறந்து வளர்ந்தது தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். எனக்குப் பழக்கமான தண்ணீரெல்லாம் கணுக்கால் நனையும் ஓடையும், அண்டாவில் காய்ச்சிய வெந்நீரும்தான். பிள்ளைகள் கடலைப் பார்த்ததே இல்லை. கைபேசியில் படம் காட்டினால், "இது ஊட்டி ஏரியைவிடப் பெரிதா அம்மா?" என்று மகள் கேட்கிறாள்.

என் கணவர், "பெரியவர்கள் 11 பேர் இருக்கிறோம், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் யாரையும் விடப் போவதில்லை, போதாததற்குக் காற்றடைக்கும் ரப்பர் வளையம் இரண்டு வாங்கியாகிவிட்டது, பிறகு என்ன பயம்?" என்கிறார். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. படுத்தால் தூக்கம் வருவதில்லை. கடலோரத்தில் வளர்ந்தவர்களோ, மலையிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவர்களோ இருந்தால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று சற்று விளக்கமாகச் சொல்லுங்கள்.

முத்துநகர் மகள் (குன்னூர்) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் தூத்துக்குடி மாவட்டத்துக் கடலோரக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். திருமணமாகிக் குன்னூருக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். உங்கள் கணவர் சொன்ன மூன்று காரணங்களையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தாக வேண்டும். கடலில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளிலும் பெரும்பாலும் இதே மூன்றைத்தான் நம்பியிருப்பார்கள்.

முழங்கால் அளவு என்கிறாரே, அது யாருடைய முழங்கால்? 3 வயதுப் பிள்ளை ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் உயரம் இருப்பான். பெரியவர்களின் முழங்கால் தரையிலிருந்து 45, 50 சென்டிமீட்டரில் இருக்கிறது. ஆக உங்களுக்கு முழங்கால் என்றால் அவனுக்கு இடுப்பு. அடுத்து வரும் அலை ஒரு சாண் உயர்ந்து வந்தால் அவனுக்கு நெஞ்சு. குளத்துத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், கடல் அப்படி நிற்காது. ஒரு கன மீட்டர் நீருக்கு 1,000 கிலோ எடை இருக்கிறது, கடல்நீர் அதைவிடச் சற்றுக் கனம். அந்தக் கனம் ஓடி வந்து இடித்தால், 14 கிலோ எடையுள்ள பிள்ளை நிற்பானா என்று யோசித்துப் பாருங்கள்.

கடலுக்குப் புதியவர்கள் வருகிற அலையைத்தான் பார்ப்பார்கள், திரும்பிப் போகிற அலையைப் பார்க்க மாட்டார்கள். அது காலடி மணலை அரித்து இழுத்துக்கொண்டு போகும். குதிகால் புதையும், நின்ற இடமே நழுவுவது போல் பெரியவர்களுக்கே தலை சுற்றும். சிறு பிள்ளைகளுக்கு உடலின் அளவோடு பார்த்தால் தலை கனம். குப்புற விழுந்தால் தலையைத் தூக்கி எழும் வலு இருக்காது. கணுக்கால் அளவு நீரிலும் மூச்சு முட்டிவிடும் என்று நாங்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது 11 பெரியவர்கள். மூழ்குகிற பிள்ளை கையை உயர்த்தி, "அம்மா, காப்பாற்று!" என்று கத்தும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது சத்தமே போடாது. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வருகிற கணத்தில் மூச்சை இழுக்கத்தான் நேரம் இருக்கும், கூவுவதற்கு இருக்காது. தலை பின்னால் சாய்ந்திருக்கும், உடல் செங்குத்தாக நிற்கும், கைகள் ஏணிப்படி ஏறுவது போல நீரை அழுத்தும். கரையிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பிள்ளை விளையாடுவதாகவே தோன்றும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும். 2021ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாகவும், அவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கினர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது.

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என் அண்ணன் மகளுக்கு அப்போது 4 வயது. எங்கள் ஊர்க் கரையில், நான் நின்ற இடத்திலிருந்து இரண்டு எட்டுத் தள்ளிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். சேலைக் கொசுவத்தில் ஒட்டிய மணலை உதறக் குனிந்தேன். நிமிர்ந்தால் ஆளைக் காணோம், நுரை மட்டும் இருந்தது. நுரைக்குள் அவளுடைய மஞ்சள் ரிப்பன் தெரிந்ததால் கையை விட்டுத் துழாவிக் கணுக்காலைப் பிடித்துத் தூக்கினேன். நானோ கடலோரத்தில் பிறந்தவள், நீச்சல் தெரிந்தவள், இரண்டு எட்டுத் தூரத்தில் நின்றவள். அப்படியும் இது நடந்தது. இரண்டு எட்டு என்பது தூரம் அதிகம். கையை நீட்டினால் பிள்ளை மீது படவேண்டும். அதற்கு மேல் ஒரு அடி கூடினாலும் அதைக் காவல் என்று சொல்ல முடியாது.

ரப்பர் வளையத்தைத் தயவுசெய்து வேனிலேயே வைத்துவிடுங்கள். மே மாதத்தில் எங்கள் பக்கம் கச்சான் காற்று அடிக்கும். மேற்கிலிருந்து, அதாவது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று அது. கரையோரத்துத் தண்ணீர் அதனால் அமைதியாகத்தான் தெரியும். காற்றடைத்த பொருளை மட்டும் கண் மூடித் திறப்பதற்குள் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். வளையம் கவிழ்ந்தால் பிள்ளையின் கால் மேலேயும் தலை கீழேயும் ஆகிவிடும். வாங்குவதானால், பிள்ளையின் எடைக்கு ஏற்றதாக, கால்களுக்கிடையில் கட்டும் பட்டையும் கழுத்துக்குப் பின்னால் தாங்கும் பகுதியும் உள்ள உயிர்காப்பு உடுப்பு வாங்குங்கள். தோள் பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்க்கும்போது அது காதுவரை ஏறினால் அளவு பெரிது என்று பொருள். அதை மாட்டியிருந்தாலும் கைக்கெட்டும் தூர விதி மாறாது.

பிடிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். விரலைப் பிடித்துக்கொண்டு நடத்தாதீர்கள், ஈரக் கை வழுக்கும். மணிக்கட்டுக்கு மேலே பிடியுங்கள். 3 வயதுப் பையனை இடுப்பில் வைத்து இரு கையாலும் அணைத்தபடி, அலைக்குப் பக்கவாட்டில், கால்களை அகட்டி நில்லுங்கள். கடலுக்கு முதுகைக் காட்டிப் புகைப்படத்துக்கு நிற்க வேண்டாம். நீங்களும் சேலையில் இறங்க வேண்டாம்; நனைந்த சேலை காலைச் சுற்றி ஆளையே சாய்க்கும், சுடிதார் நல்லது. பிள்ளைகளுக்கு நீலமும் வெள்ளையும் வேண்டாம், தண்ணீரில் அந்த நிறங்கள் கண்ணுக்குத் தெரியாது. பளீரென்ற ஆரஞ்சு நிறச் சட்டை எடுங்கள்.

மலைவண்டி (உதகை) எழுதியது:

வணக்கம். செவிலியர் அம்மா சொன்னவற்றில் மாற்றிச் சொல்ல எதுவும் இல்லை. 22 ஆண்டுகளாகச் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். ஊட்டி, கோத்தகிரிக் குடும்பங்களை ராமேசுவரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி, கோழிக்கோடு என்று இறக்கி ஏற்றியிருக்கிறேன். கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதுதான் எங்கள் பாதி வேலை என்பதால், கடலைவிடக் குடும்பங்களை அதிகம் கவனித்திருக்கிறேன்.

பெரியவர்கள் 11 பேர் இருப்பது பலம் என்று நினைக்கிறீர்கள். நான் பார்த்த வரையில் அதுதான் பலவீனம். பாட்டி பார்த்துக்கொள்வாள் என்று அம்மாவும், அம்மா இருக்கிறாளே என்று சித்தியும், எல்லோரும் இருக்கிறார்களே என்று அப்பாவும் இருந்துவிடுவார்கள். அதனால் என் வண்டியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முன் கண்ணாடிக்குக் கீழே சிவப்புக் கம்பளிக் குல்லா ஒன்று எப்போதும் கிடக்கும். கரையில் இறங்கியதும் யார் காவலோ அவர் அந்தக் குல்லாவைப் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டவர் கைபேசியைத் தொடக்கூடாது, சுண்டல் வாங்கப் போகக்கூடாது, யாருடனும் கதை பேசக்கூடாது. காவல் மாறும்போது குல்லாவைக் கழற்றி அடுத்தவர் தலையில் வைத்து, "இன்னார் இன்னார் தண்ணீரில் இருக்கிறார்கள்" என்று பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். மே மாத வெயிலில் கம்பளிக் குல்லாவா என்று சிரிப்பார்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் யாராலும் அதைப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. கண் அசந்துபோவதற்கும் அவ்வளவு நேரம்தான் பிடிக்கும், ஆகவே அந்தத் தொல்லையும் நல்லதற்கே. 6 குழந்தைகளுக்குக் குல்லாக்காரர் ஒருவர் போதாது. இறங்குகிற ஒவ்வொரு சிறு பிள்ளைக்கும் கைக்கெட்டும் தூரத்தில் தனியாக ஓர் ஆள் வேண்டும். குல்லாக்காரர் அவர்கள் எல்லோரையும் கரையிலிருந்து பார்க்கிற கண்.

மே மாதம் என்றதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கள்ளக்கடல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் எங்கோ புயல் வீசும். அங்கே கிளம்பிய நீண்ட அலைகள் சில நாட்கள் பயணம் செய்து கேரளக் கரையையும் நம் தென்கோடிக் கரையையும் வந்து அடையும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. கடல் சாதுவாகக் கிடந்து, எதிர்பாராத நேரத்தில் பொங்கி ஏறும். கள்ளனைப் போல வருவதால் அந்தப் பெயர். ஏப்ரல், மே மாதங்களில்தான் இது அதிகம், நமக்குப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். 2024 மே மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த 5 பேர் அலையில் சிக்கி இறந்தது, இப்படியான எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாட்களில்தான். ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கும், செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் வரும். முந்தின நாள் இரவே பார்த்துவிட்டு, எச்சரிக்கை இருந்தால் கடலில் கால் நனைக்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிடுங்கள்.

இழுப்பு என்பது வேறு. அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கிற தண்ணீர் எங்காவது திரும்பிப் போக வேண்டுமல்லவா? கனமழையில் தேயிலைச் சரிவு முழுவதும் இறங்கும் நீர் ஒரே வாய்க்காலில் கூடிப் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே கடலிலும் மணல்திட்டுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் கூடி உள்நோக்கி ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது, நுரை இருக்காது, நிறம் கொஞ்சம் கருத்திருக்கும். மலைக்காரர்கள் அதைப் பார்த்து, "இங்கேதான் அலையே இல்லை" என்று பிள்ளைகளை அங்கேயே இறக்குவார்கள். நான் இரண்டு முறை ஓடிப்போய்த் தடுத்திருக்கிறேன். இழுப்பில் மாட்டிய பெரியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துத்தான் மூழ்குவார். மல்லாந்து மிதந்து, கையசைத்து உதவி கேட்டு, நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும். உங்கள் குடும்பத்தில் யாருக்கும் நீச்சல் இல்லை என்பதால், ஒருவரை இழுத்தால் இன்னொருவர் குதிக்கவே கூடாது. வேனில் தண்ணீர் கேன் இருக்கும். காலி கேனை மூடி இறுக்கி வீசுங்கள், அது ஆளைத் தாங்கும். பத்து மீட்டர் கயிறும் கையோடு இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள், அப்புறம் பலூன் கடையைப் பாருங்கள். ஒருமுறை ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் வண்டி, கழிப்பறை, வேன் என்று பத்து நிமிடம் தேடியது. நல்ல வேளையாகப் பையன் பலூன்காரரிடம்தான் நின்றிருந்தான். தண்ணீரில் இருந்திருந்தால் அந்தப் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

கோத்தகிரிக்காரி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ரப்பர் வளையத்தைப் பற்றிக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். எனக்கு இன்னும் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. மொட்டை போட்ட பிறகு பிள்ளையைக் கடலில் முழுக்காட்டி, அதன் பின் நாழிக்கிணற்றில் குளிப்பாட்டுவதுதான் முறை என்று மாமியார் சொல்கிறார். அவருடைய மனம் கோணாமல் இதை எப்படிச் செய்வது? இரண்டாவது, பிள்ளை தண்ணீர் குடித்துவிட்டால் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுற்றினால் தண்ணீர் வெளியே வந்துவிடும் என்றும் அவர் சொல்கிறார். அவருடைய ஊரில் அப்படிச் செய்து பிழைத்த பிள்ளை இருக்கிறதாம்.

கொடைக்கானல் ஆசிரியர் எழுதியது:

வணக்கம். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியர், மலைப் பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துப்போன அனுபவம் உண்டு. முதல் சந்தேகத்துக்கு என் கருத்து இது: 3 வயதுப் பிள்ளையைக் கடலுக்குள் இறக்கவே வேண்டாம். கணவரோ தம்பியோ ஒரு குடத்தில் கடல்நீரை மொண்டு வரட்டும். அலை எட்டாத மணலில் பிள்ளையை உட்கார வைத்து, முருகா என்று மூன்று முறை தலையில் ஊற்றினால் முழுக்கு நிறைவேறிவிடும். கடல் நீர் குடத்தில் இருந்தாலும் கடல் நீர்தானே? அதை உங்கள் மாமியார் கையாலேயே ஊற்றச் சொல்லுங்கள், மனம் கோணாது. புதிதாக மழித்த தலையில் கத்தி பட்ட கீறல் இருந்தால் உப்புநீர் சுரீரென்று எரியும், பிள்ளை துள்ளித் திமிறும். திமிறுகிற பிள்ளையை அலைக்குள் பிடித்திருப்பது எவ்வளவு சிரமம் என்பதை நீங்களே ஊகிக்கலாம். திருச்செந்தூர்க் கரையில் மண் அரிப்பால் பாறைகளும் வெளியே தெரிகின்றன. அவற்றில் பாசி வழுக்கும்.

வேன் ஓட்டுநர் ஐயா கள்ளக்கடலைப் பற்றிச் சொன்னதைப் பழனி மலைக்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். எங்கள் மேல்மலையில் மழை கொட்டும். கீழே கும்பக்கரை அருவியில் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து சேரும். குளிக்கத் தடை என்று வனத்துறையினர் தடுக்கும்போது, வானம் தெளிவாகத்தானே இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் சண்டை பிடிப்பார்கள். கடற்கரையில் காவலர் தடுக்கும்போது நாமும் அப்படி வாதாடக்கூடாது.

மகள் 6 வயது என்பதால் அவளை வீட்டிலேயே பழக்கலாம். முற்றத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். "அம்மா கையைப் பிடிக்காமல் கோட்டைத் தாண்டக்கூடாது" என்று ஒரு வாரம் விளையாட்டாகவே விளையாடுங்கள். விசில் ஊதினால் என்ன செய்துகொண்டிருந்தாலும் விட்டுவிட்டு ஓடி வர வேண்டும். கரையில் இறங்கியதும் அதே கோட்டைக் காலால் மணலில் கிழித்துக் காட்டுங்கள். என் மாணவர்களிடம் இது வேலை செய்தது. இருந்தாலும் 6 வயதுக் குழந்தையின் சொல்லை நம்பி நீங்கள் கண்ணை எடுத்துவிடக்கூடாது. அலையைக் கண்ட உற்சாகத்தில் சுண்ணாம்புக் கோடு மறந்துபோகும்.

முத்துநகர் மகள் (குன்னூர்) எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்ன குடத்து முழுக்குக்கு நானும் உடன்படுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கைக்குழந்தைகளுக்கு அப்படித்தான் செய்வார்கள்.

தலைகீழாகச் சுற்றுவது கூடவே கூடாது. வயிற்றை அமுக்குவதும் கூடாது. வெளியே வருவது வயிற்றுத் தண்ணீர். அது வாந்தியாக வந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிலைமை மோசமாகும். அந்த ஊர்ப் பிள்ளை பிழைத்தது மூச்சு நிற்காமல் இருந்ததால்தான் இருக்கும், சுற்றியதால் இருக்காது. மூழ்கியவருக்குத் தேவை காற்று. பிள்ளைக்கு நினைவில்லை, மூச்சும் இல்லை என்றால், கெட்டியான மணலில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெற்றியில் ஒரு கையும் தாடையில் இரண்டு விரலும் வைத்துத் தலையைச் சற்றுப் பின்னால் சாயுங்கள். மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு எழும்பும் அளவுக்கு மட்டும் மெதுவாக ஊதுங்கள். சில வழிகாட்டுதல்களில் முதலில் 5 மூச்சு என்றும், சிலவற்றில் 2 மூச்சு என்றும் இருக்கிறது. எண்ணிக்கை எப்படியானாலும் மூச்சில் தொடங்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே, சிறு பிள்ளைக்கு ஒரு கையின் அடிப்பாகத்தால், நெஞ்சின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி 30 முறை அழுத்தி, 2 மூச்சு ஊத வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகம். மூச்சு வரும் வரையிலோ, 108 ஆம்புலன்ஸ் வரும் வரையிலோ நிறுத்தக்கூடாது. ஒருவர் இதைச் செய்யும்போதே மற்றவர் 108ஐ அழைக்கட்டும். மூச்சு இருந்து நினைவு மட்டும் இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

படித்து மட்டும் இது கைக்கு வராது. நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு, உங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் முதலுதவிப் பயிற்சி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பொம்மையை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தால்தான் வலு எவ்வளவு வேண்டும் என்று தெரியும்.

தண்ணீர் குடித்த பிள்ளை எழுந்து நன்றாக விளையாடுகிறான் என்றாலும், அடுத்த ஆறு முதல் எட்டு மணி நேரம் கண் வையுங்கள். விடாத இருமல், மூச்சு வாங்குவது, வழக்கத்துக்கு மாறான சோர்வு, திரும்பத் திரும்ப வாந்தி என்று எது கண்டாலும் மருத்துவமனைக்குப் போங்கள். வேனில் தூங்குகிறான் என்று போர்த்திவிட்டு மலையேறிவிடாதீர்கள்.

தண்ணீரைப் பற்றியே பேசி வெயிலை விட்டுவிட்டேன். மலைப் பிள்ளைகளுக்கு அந்தச் சூடு பழக்கமில்லை. காலை 9 மணிக்குள்ளாகவோ மாலை 4 மணிக்குப் பிறகோ இறங்குங்கள். மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசினாலும் மேலே துணித் தொப்பி வையுங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீரும் மோரும் கொடுத்துக்கொண்டே இருங்கள். கரை ஒதுங்கிய சொறியை, அதாவது ஜெல்லி மீனைப் பிள்ளைகள் கையால் எடுத்துவிட்டால், கடல்நீராலேயே கழுவுங்கள். மணல் போட்டுத் தேய்க்கவும் நல்ல தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

மலைவண்டி (உதகை) எழுதியது:

ஆசிரியர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன். 3 வயதுப் பிள்ளையை இறக்க வேண்டாம் என்றால் அவன் இறங்க மாட்டான் என்று பொருளல்ல. அக்கா தண்ணீரில் நிற்பதைக் கண்டால் தம்பி தப்பித்து ஓடுவான். நான் பார்த்த ஓட்டங்களில் பாதி அப்படிப்பட்டவை. ஆகவே குடத்து முழுக்கோடு நிறுத்தினாலும், மணலில் விளையாடும் பிள்ளைக்கும் தனி ஆள் வேண்டும். ஒரு வாளியும் கரண்டியும் கொடுத்து ஈர மணலுக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துவிடுங்கள்.

வைகாசி விசாகத்தை ஒட்டிப் போகாதீர்கள். கூட்டத்தில் பிள்ளை கை நழுவும். பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறுவதும் வற்றுவதும் அதிகம். வற்றிக் கிடக்கிறது என்று பாறைவரை நடந்து போனவர்கள், ஏறி வரும்போது திண்டாடுவார்கள். கன்னியாகுமரியில் பாறைப் பக்கம் பிள்ளைகளை விடவே வேண்டாம், அங்கே சூரியோதயம் பார்த்தால் போதும். பிள்ளைகள் அலையில் நிற்க ஆசைப்பட்டால் அதற்கு வேறு கரைகள் இருக்கின்றன. ராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் கடல் குளம் போலக் கிடக்கும்; அதே தீவில் தனுஷ்கோடிப் பக்கம் மட்டும் இறங்கக்கூடாது. ஊட்டியிலிருந்து கூடலூர், நிலம்பூர் வழியாகக் கோழிக்கோடு போனால் காப்பாடு கடற்கரை இருக்கிறது. தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடித் தகுதி பெற்ற கரை அது; அந்தத் தகுதிக்கு உயிர்காப்பாளர்களோ உயிர்காப்புக் கருவிகளோ இருந்தாக வேண்டும். அங்கே போவதானால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தை விட்டுவிட்டு, டிசம்பருக்குப் பிறகு போங்கள்.

கோத்தகிரிக்காரி எழுதியது:

போய் வந்துவிட்டோம். எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள், பச்சைத் தேயிலை பறிப்பு மும்முரமாக இருந்தது. எச்சரிக்கை எதுவும் இல்லாத நாளாகப் பார்த்துக் காலை 7 மணிக்கே கரையில் இறங்கினோம். மலைவண்டி ஐயா சொன்ன குல்லாவுக்கு என் மாமனாரின் பழைய கம்பளிக் குல்லாவை எடுத்துப் போயிருந்தோம். முதல் பதினைந்து நிமிடம் மாமனாரே போட்டுக்கொண்டார். வியர்வை காதோரம் வழிய, கையைக் கட்டிக்கொண்டு, கிணற்றுக்குக் காவல் நிற்பவரைப் போல நின்றார். சுண்டல்காரர் இரண்டு முறை கேட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமியார் குடத்து நீரை ஊற்றினார். மகன் கடலைக் கண்டதும் அழுது, என் கழுத்தை விட்டு இறங்கவே மறுத்துவிட்டான். பத்து நிமிடம் கழித்து வாளியைக் கொடுத்ததும் மணலோடு ஒன்றிப்போனான்.

தவறும் ஒன்று நடந்தது. காவல் என் தம்பிக்கு மாறியபோது குல்லா மாறியதே தவிர, பெயர் சொல்லி ஒப்படைக்கவில்லை. நாத்தனார் மகன், 5 வயதுக்காரன், கணுக்கால் நீரில் தனியாக நின்றுகொண்டிருந்தான். அவனோடு நிற்க வேண்டிய நாத்தனார் புகைப்படம் எடுக்க மூன்று எட்டுப் பின்னால் வந்திருந்தாள். திரும்பிப் போன அலையில் அவன் பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தான், அடுத்த அலை முகத்தை மூடியது. என் கணவர் பக்கத்திலேயே இருந்ததால் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவன் கத்தவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. இருமி, உப்பு உப்பு என்று துப்பினான். மாலை வரை அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தோம், ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் கன்னியாகுமரியில் யாரும் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை.

மகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். மலையில் தண்ணீர் குளிர்ச்சி. மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ விடுமுறை நாட்களில் 6 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் பெண் பயிற்சியாளர் சொல்லித்தரும் குளம் எதையாவது அறிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். நாத்தனாரும் சேர்ந்து கற்றுக்கொள்வதாகச் சொல்கிறாள்.